மகரக்கட்டு: ஆண்டிபட்டியும் உடைந்த குரல்களும்

"யாருங்க பேசுறது?"

கேட்டது என் அம்மா. என்னிடம்தான் கேட்டார். 2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையிலிருந்து சக்கம்பட்டி வீட்டுக்கு வாராவாரம் போடுகிற போன்தான் அது. "நான்தாம்மா" என்றேன். மறுபடியும் "யாரு?" என்றார். அம்மா வைத்திருப்பது பட்டன் போன். பெயர் பார்த்து எடுக்கிற பழக்கம் கிடையாது, குரல்தான் அடையாளம். மூன்றாவது தடவையும் பிடிபடாமல் போனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டார். "யாரோ வயசானவரு, தொண்டை கட்டிப்போயி பேசுறாரு, என்னன்னு கேளு" என்று பக்கத்திலிருந்து சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போது எனக்கு வயது 44.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கல்வெட்டு, கண்மாய், பழைய கெஜட்டியர் என்று எழுதுகிறவன் நான். சொந்த உடம்பைப் பற்றி எழுதுவதற்கு கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கியது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போனுக்கு ரெண்டு மாசம் முன்னால் ஒரு சாதாரண சளிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. குரல் மட்டும் திரும்பி வரவில்லை. காலையில் முதல் மீட்டிங்கில் ஓரளவு பேசுவேன். பதினொரு மணி மீட்டிங்கில் தொண்டையைச் சுற்றி யாரோ துண்டைப் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாது. வலி என்றும் சொல்ல முடியாது. நான்கு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய கதவை ஒற்றை ஆளாகத் தள்ளுகிற மாதிரி ஒரு பாரம்.

முதலில் பார்த்த மருத்துவர் ஆண்டிபயாட்டிக் கொடுத்தார். இரண்டாமவர் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று இரண்டு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் மூக்கு வழியாகக் குழாய் கேமரா விட்டு, "குரல்நாண் ரெண்டும் நல்லா அசையுது, கட்டி இல்ல, காயம் இல்ல, எல்லாம் நார்மல்" என்றார். நார்மல் என்ற சொல்லுக்கு அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் பயந்ததில்லை. எங்கள் தொழிலில் மோசமான பக் எது தெரியுமா? புரோகிராம் விழுந்து நொறுங்குவது கூட இல்லை. வாடிக்கையாளரிடம் தினமும் வருகிற பிரச்சினை, நம் கம்ப்யூட்டரில் ஓட்டிப்பார்த்தால் வராது, லாகிலும் ஒரு வரி இருக்காது. அதுதான் மோசமானது. என் தொண்டை அப்படி ஒரு பக் ஆகியிருந்தது.

பேச்சைக் குறை என்றார்கள். குறைத்தேன். பேசாத நேரத்தில் படித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தமிழ்நாட்டு அரசியலில் அதிகம் பேசப்பட்ட ஒரு குரல் இழப்புக்கும் என் சொந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பை ஆறு வயதில் நான் நேரிலேயே பார்த்தும் இருக்கிறேன்.

கட்டு என்கிற சொல்

தொண்டை கட்டிக்கொண்டது என்கிறோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்கிறோம். பையன்களுக்குப் பதின்வயதில் குரல் உடைவதை மகரக்கட்டு என்கிறோம். மருத்துவ அறிக்கையில் இருந்த நீளமான ஆங்கிலப் பெயரை விட 'கட்டு' என்ற இந்த ஒரு சொல் நான் உணர்ந்ததைச் சரியாகச் சொல்கிறது. எங்கேயோ ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. குரல் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர முடியவில்லை.

மகரக்கட்டு நோயில்லை. ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சில மாதம் தடுமாறும், பிறகு நிலைக்கும். ஆனால் பாடிப் பிழைத்தவர்களுக்கு அந்தச் சில மாதம் பெரிய ஆபத்து. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையும், அதைப்போன்ற மற்ற பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களின் உச்சஸ்தாயிக் குரலை நம்பித்தான் நடந்தன. பெண் வேஷத்துக்கும் பையன்கள்தான். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் ராஜபார்ட்டும் போகும், ஸ்திரீபார்ட்டும் போகும். சிலர் நடிப்பிலோ வேறு வேலையிலோ ஒட்டிக்கொண்டார்கள், சிலர் ஊருக்கு வண்டி ஏறினார்கள்.

இதே கதை எங்கள் பள்ளத்தாக்கிலும் நடந்திருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த ஆளின் கதை. பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களிடம் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாவலரோடு தம்பிகளும் மேடை ஏறினார்கள். அவர்களில் ராசையா என்கிற தம்பி பெண்குரலில் பாடுவார், கூட்டம் ரசிக்கும். பிறகு அவருக்கு மகரக்கட்டு வந்தது. பெண்குரல் போனது, பாட்டு கடைசித் தம்பி அமரிடம் போனது. ராசையா ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ராசையாதான் இளையராஜா. குரல் உடையாமல் இருந்திருந்தால் அவர் ஆர்மோனியம் பக்கம் போயிருக்கவே மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வழி அடைபட்டபோது அவர் கை இன்னொரு வழியைத் தேடியது. இந்தப் பள்ளத்தாக்கில் குரல் போன கதைகளில் எனக்கு முதலில் தெம்பு கொடுத்தது இதுதான்.

1967: முதல் மௌனம்

1967 ஜனவரி 12 மாலை, சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்தது. குண்டு கழுத்தில் தங்கியது. உயிர் பிழைத்தார். இடது காதின் கேட்கும் திறன் போனது. குரல் நிரந்தரமாக மாறியது.

அடுத்த நாள் ஜனவரி 13. பொங்கலுக்காக 'தாய்க்குத் தலைமகன்' வெளியானது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, தியேட்டர்களில் அவருடைய பழைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலைக் கேட்டு விசிலடித்தவர்களுக்கு, இனி நேரில் அது கிடைக்காது என்று தெரியாது.

அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் எம்.ஜி.ஆர் தி.மு.க வேட்பாளர். பிரசாரத்துக்கு வர முடியவில்லை. கழுத்தில் கட்டுப் போட்டுப் படுக்கையில் இருந்த புகைப்படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போனது. அவர் ஜெயித்தார், கட்சியும் ஜெயித்தது, மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சரானார். பேச்சாலேயே வளர்ந்த கட்சி அது. அடுக்குமொழி மேடைதான் அதன் பள்ளிக்கூடம். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்த தேர்தலில் அதிகம் வேலை செய்த படங்களில் ஒன்று பேச முடியாத ஒருவரின் படம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு நடிகருக்குக் குரல் மாறினால் எளிதான வழி ஒன்று உண்டு, இன்னொருவரை டப்பிங் பேச வைப்பது. பாட்டில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. திரையில் எம்.ஜி.ஆர் வாயசைக்க, டி.எம்.சௌந்தரராஜன்தான் பெரும்பாலும் பாடினார். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் எம்.ஜி.ஆர் பாட்டு போடு என்றால் ஒலிப்பது மதுரைக்காரரான டி.எம்.எஸ் குரல். அது சுடப்படவில்லை, உடையவில்லை. ஆக, பாதிக் குரலை ஏற்கெனவே இரவல் வாங்கியிருந்தவர் மீதியையும் இரவல் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. 1967 செப்டம்பரில் வந்த 'காவல்காரன்' படத்திலேயே மாறிய குரலோடு பேசினார். அடுத்த பத்து வருஷம், கடைசிப் படம் வரை அதே குரல்தான்.

1969-ல் தன் சொந்த நிறுவனத்தில் எடுத்த 'அடிமைப்பெண்' படத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கதாநாயகன் வேங்கையன் சின்ன வயதிலிருந்தே சிறையில் கூனிக்கிடந்து வளர்ந்தவன். படத்தின் தொடக்கத்தில் அவனுக்கு நிமிரத் தெரியாது, பேசத் தெரியாது. ஜெயலலிதா ஏற்ற பாத்திரம்தான் அவனுக்கு எழுத்தையும் பேச்சையும் கற்றுக்கொடுக்கிறது. குண்டடி பட்டு ரெண்டு வருஷம் கழித்து, குரல் உடைந்த நடிகர் பேச்சுக் கற்றுக்கொள்கிற மனிதனாகத் தன் சொந்தப் படத்தில் வருகிறார். திட்டமிட்டாரோ இல்லையோ, தொண்டையில் முடிச்சோடு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு அது வேறு படமாகத் தெரிந்தது.

அதே படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அதில் பாடவிருந்த புதிய பையன் எஸ்.பி.பாலசுப்ரமணியம் டைபாய்டில் படுத்துவிட்டார். வேறு ஆளை வைத்து முடித்திருக்கலாம். எம்.ஜி.ஆர் காத்திருந்து அவரையே பாட வைத்தார். எஸ்.பி.பி பல மேடைகளில் நன்றியோடு சொன்ன சம்பவம் இது. குரல் போவது என்றால் என்ன என்று தெரிந்தவர் ஒரு குரலுக்காகக் காத்திருந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா, டி.வி நிகழ்ச்சி எதிலாவது மிமிக்ரி கலைஞர் எம்.ஜி.ஆர் குரலில் பேசும்போது கூர்ந்து கேளுங்கள். நாக்கு கொஞ்சம் தடித்து, சொற்கள் கொஞ்சம் அமுங்கி வருகிற குரல்தான் அது. அதாவது 1967-க்குப் பிந்தைய குரல். 'நாடோடி மன்னன்' காலத்துத் தெளிவான குரலை யாரும் மிமிக்ரி செய்வதில்லை. செய்தால் சபைக்கு ஆள் தெரியாது. முதலில் காயமாக வந்த குரல் கடைசியில் அவருடைய கையெழுத்தாகிவிட்டது.

1984: ஆண்டிபட்டி

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

1977-ல் அருப்புக்கோட்டை, 1980-ல் மதுரை மேற்கு. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆருக்கு ஆண்டிபட்டி. அன்றைக்குத் தேனி மாவட்டம் கிடையாது. 1990களின் பாதிக்கு மேல்தான் பிரிந்தது, அதுவரை நாங்கள் மதுரை மாவட்டம். ஆண்டிபட்டி என்றால் கணவாய், வறண்ட காடு, பக்கத்தில் வைகை அணை, சக்கம்பட்டியின் நெசவு. எங்கள் வீட்டிலும் தறிதான்.

1984 அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது, அதோடு பக்கவாதமும் தாக்கியது. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நவம்பர் 5-ல் எம்.ஜி.ஆரைத் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டுபோனார்கள். புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சிகிச்சை. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் டிசம்பர் 24-ல் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. வேட்பாளர் கடலுக்கு அந்தப்புறம் படுக்கையில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் பேச்சு.

அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் வீடியோ வந்தது. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் பேப்பர் பார்ப்பதையும் படம்பிடித்துத் தமிழ்நாடு முழுக்கக் காட்டினார்கள். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் டி.வி கிடையாது. வாடகை டெக்கையும் டி.வியையும் ஒரு மேஜையில் தூக்கி வைத்து, இருட்டியதும் போட்டார்கள். எனக்கு ஆறு வயது, மாமா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் மெலிந்த ஒரு ஆள். தொப்பியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. படத்தில் சத்தம் இருந்ததா இல்லையா என்று என் நினைவில் இல்லை. காரணம், பெண்கள் எழுப்பிய குலவையில் எதுவும் கேட்கவில்லை. அவர் கையைத் தூக்கியபோது பக்கத்தில் ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீடியோ பெட்டியை ஒரு அரசியல் கருவியாகத் தமிழ்நாடு இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்தியது அந்தத் தேர்தலில்தான். தொழில்நுட்பக்காரனாக எனக்கு அதில் ஒரு ஆச்சரியம் உண்டு. பேச்சைக் கடத்தக் கண்டுபிடித்த சாதனங்கள் எத்தனையோ, மைக், ரேடியோ, கேசட் என்று. பேச முடியாமையைக் கடத்த அன்றைக்கு வீடியோ வந்து நின்றது.

அறுவை சிகிச்சை டிசம்பர் 19. வாக்குப்பதிவு டிசம்பர் 24. ஆண்டிபட்டியில் ஒரு கூட்டம்கூடப் பேசாமல், தொகுதியில் கால்கூட வைக்காமல், 30,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அ.தி.மு.க 132 இடம் பிடித்தது. 1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பினார், 10-ல் பதவியேற்றார்.

பரங்கிமலையில் ஒரு தடவை, ஆண்டிபட்டியில் ஒரு தடவை. ஒரே மனிதர் வாய் திறக்காமல் இரண்டு தேர்தலில் ஜெயித்திருக்கிறார். இரண்டு தடவையும் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து.

குரல் போனால் யார் பேசுவது?

இதை ஒரு இனிப்பான கதையாக முடித்துவிடலாம். அது நேர்மையாக இருக்காது.

திரும்பி வந்த எம்.ஜி.ஆரின் பேச்சு பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தது. 1967-ல் மாறியது குரல். 1984-ல் தடுமாறியது சொல். இரண்டும் ஒன்றில்லை. முதலாவது தொண்டைச் சேதம், இரண்டாவது மூளையில் நடந்த சேதத்தின் விளைவு. 1987 டிசம்பர் 24-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய மூன்று வருஷம், சொல்ல நினைத்ததைச் சொல்லச் சிரமப்படுகிற ஒருவர் இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். அப்படிப்பட்ட நிலையில் பக்கத்தில் இருப்பவர்கள் "ஐயா இதைத்தான் சொல்றார்" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்கிறவருக்கு மெல்ல ஒரு அதிகாரம் வந்துவிடும். பெரிய அரசியலில் மட்டும் இல்லை, எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

எனக்கே நடந்தது. மீட்டிங்கில் நான் மூச்சு வாங்குவதற்குள் இளைய சக ஊழியர் ஒருவர், "அண்ணன் என்ன சொல்ல வர்றார்னா..." என்று முடித்துவிடுவார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். முதல் வாரம் நன்றியாக இருந்தது. மூன்றாவது மாதம், நான் சொல்லாத ஒரு முடிவு என் பெயரில் மின்னஞ்சலில் வந்து நின்றது. குரல் போனதன் நிஜமான இழப்பு அன்றைக்குத்தான் புரிந்தது. சத்தம் குறைந்தது பெரிய விஷயமே இல்லை. நான் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்த அந்த இரண்டு வினாடிதான் போயிருந்தது.

ஆண்டிபட்டிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. எம்.ஜி.ஆர் இறந்தபின் கட்சி உடைந்தது. இரண்டு பக்கமும் அவருக்காகப் பேசுவதாகச் சொன்னது. 1989 தேர்தலில் அவர் மனைவி ஜானகி அதே ஆண்டிபட்டியில் நின்று தோற்றார், தி.மு.க ஜெயித்தது. அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் நின்ற ஜெயலலிதா ஜெயித்தார். அரசியல் காரணங்கள் ஆயிரம் உண்டு, ஓட்டுப் பிரிந்தது, சின்னம் முடக்கப்பட்டது. ஆனாலும் ஒன்று உண்மை. பேசாத மனிதருக்கு அள்ளிக்கொடுத்த ஊர், அவர் சார்பில் பேச வந்தவர்களுக்கு அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடவில்லை.

அதே வருஷம், அதே நகரம்

படிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர் புரூக்ளினில் படுத்திருந்த அதே 1984-ல், அதே நியூயார்க் நகரில் ஆண்ட்ரூ பிளிட்சர் என்கிற மருத்துவர் குரல்வளைத் தசைக்குள் போட்யூலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எம்.ஜி.ஆருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்னைப்போல "எல்லாம் நார்மல்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் சம்பந்தம் உண்டு.

பின்னணி இது. குரல்வளையைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர் ஒரு பாட்டு வாத்தியார். பெயர் மானுவேல் கார்சியா. 1854-ல் ஒரு பல் மருத்துவர் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். அதற்குப்பிறகு தொண்டையில் கட்டி, புண், வாதம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் குரல் மட்டும் இறுகுகிறவர்கள் மிச்சம் இருந்தார்கள். 1871-ல் லுட்விக் ட்ராவ்பே என்ற ஜெர்மன் மருத்துவர் அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, அதை நரம்புத் தளர்ச்சி வகைக் கரகரப்பு என்றார். அதிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம், கண்ணாடியில் தெரியாத குரல்கோளாறு என்றால் மனக்கோளாறு என்றே பலருக்கும் முத்திரை குத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த நோய் மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் வருகிற பிசகு என்று நிலைபெற்றது. ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்று பெயர். அதில் சிலருக்குப் பேச்சு வெட்டி வெட்டி வரும், ஆனால் பாட வரும், சிரிக்க வரும். பிளிட்சரின் ஊசி அந்த இறுகும் தசையைத் தளர்த்தியது. மூன்று நான்கு மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். இன்றைக்கும் அதுதான் பிரதான வழி.

எனக்கு இருந்தது அது இல்லை. நான்காவதாக ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். ஐந்து நிமிடம் பேசவிட்டு, கழுத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "குரல்வளை மேல ஏறி இறுகிப்போய் நிக்குது, தெரியுதா?" என்றார். மசில் டென்ஷன் டிஸ்போனியா. காய்ச்சலில் வீங்கிய தொண்டையோடு வம்பாகப் பேசிப் பேசி, கழுத்துத் தசைகள் சேர்ந்து அழுத்துகிற பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன. காய்ச்சல் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உறுப்பில் கோளாறு இல்லை, ஓடுகிற விதத்தில் கோளாறு. என் மொழியில் சொன்னால் ஹார்டுவேர் நார்மல்தான்.

"சின்ன வயசிலேருந்தே சத்தமாத்தான் பேசுவீங்களா?" என்று கேட்டார். தறி வீட்டில் பிறந்தவன் வேறெப்படிப் பேசுவான்? 1911-ல் எட்டியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்ன விஷயம் இது, சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். சக்கம்பட்டியில் விசைத்தறிக்கு மேல் கத்திப் பழகினேன். சென்னையில் காதை அடைத்த ஹெட்போனுக்குள் அதையே தொடர்ந்தேன்.

மருந்து என்று பார்த்தால் ஒரு ஸ்ட்ரா. தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து 'ஊ' என்று குமிழி விட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வாய்ப்பக்கம் வழி குறுகும்போது உள்ளே திரும்புகிற காற்றழுத்தம் குரல்நாண்களை மோதாமல் மெதுவாக அதிரவிடும். பிறகு 'ம்' என்று முனகல். கழுத்தைத் தடவி இறக்குதல். கிசுகிசுப்பாகப் பேசக்கூடாது, செருமக்கூடாது, இரண்டும் கெடுதல். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் குரலில் பாதி வந்தது. இப்போது முக்கால் இருக்கும். களைத்தால் இன்னமும் இறுகும்.

படிக்கிறவர்களில் ஆசிரியர்கள், கால் சென்டர்காரர்கள், மேடைப் பேச்சாளர்கள் இருப்பீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மிக் கிடந்தால் பனங்கற்கண்டோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள். புற்று மாதிரி ஏதாவது இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும். எல்லாம் நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்கடுத்த கதவு பேச்சுப் பயிற்சியாளர். எனக்கு அந்தக் கதவைக் காட்ட யாருமில்லாமல் ஐந்து மாதம் போனது.

அம்மா சொன்னது

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது 1984 பற்றி அம்மாவிடம் கேட்டேன், குறிப்பெடுக்க நோட்டும் கையுமாக. அம்மாவுக்கு அது ஆராய்ச்சி விஷயமாகத் தெரியவில்லை.

"பேச முடியாதவருன்னு தெரிஞ்சுதானம்மா ஓட்டுப் போட்டீங்க?"

"அவரு பேசுறதத்தான் இருபது வருசமாக் கேட்டாச்சேப்பா. இனிமே நாமதான் பேசணும்னு போட்டோம்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே தொடர்ந்தார். "அன்னைக்கு போன்ல ஒன்னைய யாருன்னு கேட்டேன்ல. அது இன்னமும் மனசுல கெடக்குய்யா. பெத்தவளுக்கே தெரியலையேன்னு."

பரவாயில்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பண்டிகை அலைச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது, சொல் வரவில்லை. அம்மா அவசரப்படவில்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்று எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கையிலிருந்த முறுக்கை உடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை.

ஆண்டிபட்டிப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 1984 டிசம்பரில் எந்தத் தெருவில் அந்த வீடியோ ஓடியது, யார் டெக் கொண்டுவந்தது, என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். நாற்பது வருஷமாகிவிட்டது. அந்தக் குரல்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.